கோத்தகிரிக்கு வீடு மாறுகிறீர்களா? வெயில் எந்தப் பக்கம் என்று முதலில் பாருங்கள்

மாற்றலில் மலைக்கு வருகிற டீச்சர், பேங்க்காரர், நர்ஸ், தேயிலை ஃபாக்டரியில் கணக்கு எழுதுகிறவர் என்று எல்லோரும் இப்போது மூன்று நான்கு பேராகச் சேர்ந்துதான் வீடு எடுக்கிறார்கள். தனியாக எடுத்தால் வாடகை கட்டுப்படி ஆகாது, கட்டுப்படியானாலும் ராத்திரி எட்டு மணிக்கு மேல் பனிமூட்டத்தில் தனியாக உட்கார்ந்திருக்க எல்லோராலும் முடியாது. நான் 11 வருஷமாக இப்படித்தான் இருக்கிறேன். குன்னூரில் இரண்டு வீடு, அருவங்காட்டில் ஒன்று, ஒரு குளிர்காலம் முழுக்க நடுங்கித் தீர்த்த ஊட்டி வீடு ஒன்று, இப்போது கோத்தகிரியில் நான்கு பேர். இத்தனை வீட்டில் நாங்கள் போட்ட சண்டைகளை எண்ணிப் பார்த்தால், வாடகைக்காகப் போட்டது ஒன்றோ இரண்டோதான் இருக்கும். மற்றதெல்லாம் வெயில், சுடுதண்ணீர், துணிக்கயிறு, ஹீட்டர். கீழே இருந்து வருகிறவர்கள் அறையைப் பங்கு போட்டுவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். இங்கே அறை அடுத்த கதை. முதலில் பங்கு போட வேண்டியது வெயிலை.

வீடு பார்க்கும்போது

ஏப்ரல், மே மாதத்தில் பார்த்து முடிவு செய்யாதீர்கள். அந்த இரண்டு மாதம் மலையில் எந்த வீடும் அழகாகத்தான் இருக்கும். குன்னூரில் என் முதல் வீட்டை நான் ஏப்ரலில் பார்த்தேன், ஜன்னலைத் திறந்தால் தேயிலைத் தோட்டம், உடனே அட்வான்ஸ் கொடுத்துவிட்டேன். நவம்பரில் என் அறையின் பின்சுவரில் தண்ணீர் கசிய ஆரம்பித்தது, கசிவு என்றால் ஈரத்திட்டு இல்லை, தரையில் ஓடி வாசலுக்கு வந்தது. காரணம் ரொம்பச் சாதாரணம். சரிவை வெட்டித்தான் இங்கே வீடு கட்டுகிறார்கள். வெட்டிய மண்மேட்டுக்கும் வீட்டின் பின்சுவருக்கும் நடுவில் ஓர் ஆள் நடக்கும் அளவு சந்தும், அதில் தண்ணீர் ஓட வாய்க்காலும் இருந்தால் பிழைத்தோம். மண்ணை ஒட்டியே சுவர் எழுப்பியிருந்தால் மழைக்காலம் முழுக்க அந்த அறை கிணறுதான். ஓனரிடம் சொன்னேன், "மலைன்னா அப்படித்தாம்மா இருக்கும்" என்றார்.

அதனால் வீட்டுக்குள் போவதற்கு முன்னால் வீட்டைச் சுற்றி ஒரு தடவை நடங்கள். பின்பக்கம் தடுப்புச் சுவர் இருந்தால் அதில் தண்ணீர் வெளியேற ஓட்டைகள் இருக்கின்றனவா, சுவர் வயிறு தள்ளி நிற்கிறதா, விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள். மேலே யாராவது புதிதாக மண் வெட்டிக்கொண்டிருந்தால் எனக்கு அந்த வீடே வேண்டாம். உள்ளே போனதும் அலமாரியைத் திறந்து முகர்ந்து பாருங்கள். புதுப் பெயின்ட் பூஞ்சணத்தை மறைக்கும், அலமாரிக்குள் அடிக்கிற முடை நாற்றத்தை மறைக்காது.

மழை எப்போது என்பதும் ஊருக்கு ஊர் வேறு. ஊட்டி, கூடலூர் பக்கம் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தென்மேற்குப் பருவமழை கொட்டும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் பெய்தது இந்த மழைதான். குன்னூர், கோத்தகிரிக்குப் பெரிய மழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை, வடகிழக்கு. முடிந்தால் அந்தந்த ஊர் மழையில் குடையோடு போய் வீட்டைப் பாருங்கள். முடியாவிட்டால் பக்கத்து வீட்டு அம்மாவிடம், "நவம்பர்ல இந்த வீட்டுக்குள்ள தண்ணி வருமாக்கா?" என்று நேராகக் கேட்டுவிடுங்கள். ஓனர் மறைப்பதைப் பக்கத்து வீட்டார் சொல்லிவிடுவார்கள்.

வெயிலுக்கு வருவோம். காலை ஒன்பது மணிக்கு ஒரு முறை, மதியம் மூன்று மணிக்கு ஒரு முறை போய், எந்த அறையில் வெயில் விழுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். மேற்கே உயரமான மேடு இருந்தால் மூன்று மணிக்கே சூரியன் மறைந்துவிடும், அந்த வீட்டில் குளிர்காலத்துச் சாயங்காலம் ரொம்ப நீளம். கிழக்கு பார்த்த வீடாக இருந்து பெரிய கற்பூர மரங்கள் (யூகலிப்டஸ்) மறைக்காமலும் இருந்தால், வாடகை ஐநூறு கூடுதல் என்றாலும் எடுங்கள். அந்த ஐநூறை ஹீட்டரில் மிச்சம் பிடித்துவிடலாம்.

அடுத்தது தண்ணீர். இவ்வளவு மழை பெய்கிற ஊரில் தண்ணீருக்கு என்ன பஞ்சம் என்று கேட்பவர்கள் குன்னூரில் ஒரு மார்ச் மாதம் இருந்து பார்க்க வேண்டும். நகராட்சிக் குழாயில் எத்தனை நாளுக்கு ஒரு முறை வருகிறது, தொட்டி எத்தனை லிட்டர், அது உங்களுக்கு மட்டுமா அல்லது மூன்று குடும்பத்துக்குமா என்று கேளுங்கள். நான்கு பேருக்கு 500 லிட்டர் தொட்டி போதாது. செல்போன் சிக்னலை ஹாலில் நின்று மட்டும் பார்க்காதீர்கள், நான்கு பேரும் அவரவர் போனை எடுத்து ஒவ்வோர் அறையிலும் நின்று பாருங்கள், ஏனென்றால் மேட்டின் இந்தப் பக்கம் எடுக்கிற சிம் அந்தப் பக்கம் எடுக்காது. கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். ஹட்டிப் பக்கம், அதாவது படுகர் கிராமங்கள் பக்கம், போகிற பஸ்கள் சீக்கிரமே முடிந்துவிடும்.

அட்வான்ஸும் எழுத்தும்

தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் 2017-இல் வந்தது, 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. வேறு மாதிரி ஒப்புக்கொள்ளாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கேட்கக் கூடாது, ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், அதைப் பதிவு செய்ய வேண்டும் என்கிறது. நடைமுறையில் பலர் வாய்வார்த்தையிலேயே விடுகிறார்கள். நான்கு பேர் சேர்ந்து இருந்தால் அது ஆகாது. நான்கு பெயரும் ஒப்பந்தத்தில் இருக்கட்டும், யார் அட்வான்ஸில் எவ்வளவு போட்டார்கள் என்று தனியாக ஒரு தாளில் எழுதி நாலு பேரும் கையெழுத்துப் போடுங்கள். நடுவில் ஒருவர் மாற்றலாகிப் போனால் அவர் பங்கை அடுத்து வருகிறவர் தருவாரா, மீதி மூன்று பேர் தருவதா என்பதையும் அன்றைக்கே எழுதிவிடுங்கள். சிநேகிதமாக இருக்கும்போது எழுத வெட்கமாகத்தான் இருக்கும், பரவாயில்லை. கரண்ட் மீட்டர் உங்கள் பகுதிக்குத் தனி இணைப்பா என்று பார்த்து, குடி வருகிற அன்று ரீடிங்கையும் சுவரில் ஏற்கெனவே இருக்கிற ஈரக் கறைகளையும் போட்டோ எடுத்து ஓனருக்கு அனுப்பிவிடுங்கள்.

சாமான் ஏற்றுகிற நாள்

சனி, ஞாயிறு வேண்டவே வேண்டாம். மே மாதமும் வேண்டாம். சீசனில் மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறுகிற வண்டிகளைக் குன்னூர் வழியும், இறங்குகிற வண்டிகளைக் கோத்தகிரி வழியும் மாற்றிவிடுவார்கள், உங்கள் குட்டி யானை சுற்றிக்கொண்டு போக நேரும். உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வந்தது. கோயம்புத்தூரிலிருந்து வண்டி பிடித்தால் பாஸ் எடுப்பது டிரைவரா நீங்களா என்று முதல் நாளே பேசிக்கொள்ளுங்கள். அப்போதைக்கு என்ன விதி என்பதையும் பார்த்துவிடுங்கள், அவ்வப்போது மாற்றுகிறார்கள். டிஎன் 43 என்கிற நீலகிரிப் பதிவு வண்டியே கிடைத்தால் இந்தத் தலைவலி இல்லை, டிரைவருக்கும் கொண்டை ஊசி வளைவு பழகியிருக்கும்.

பிளாஸ்டிக் பைகளில் சாமான் கட்டாதீர்கள். ஏறுகிற வழியில் பர்லியாறிலும் குஞ்சப்பனையிலும் பிளாஸ்டிக்கைப் பார்க்கச் சோதனைச்சாவடி இருக்கிறது. ஒரு லிட்டர், இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டிலுக்கு இந்த மாவட்டத்தில் தடை. பாத்திரத்தைப் பழைய புடவையிலும் போர்வையிலும் சுற்றுங்கள், எப்படியும் இரண்டும் கொண்டுவரத்தானே போகிறீர்கள். கீழே வெயில் கொளுத்தினாலும் தார்ப்பாய் இல்லாமல் ஏறக் கூடாது.

வண்டி வீட்டு வாசல் வரை வரும் என்று நம்பிவிடாதீர்கள். இங்கே பாதி வீடுகளுக்கு ரோடு கிடையாது, படிதான். எத்தனை படி என்று எண்ணி வைத்துக்கொண்டு சுமை ஆட்களிடம் கூலி பேசுங்கள். ஏறுபடியா இறங்குபடியா என்பதை வைத்துக் கூலி மாறும், "கொஞ்சம் படிதான் அண்ணா" என்று சொல்லிக் கூட்டிவந்து அறுபது படியைக் காட்டினால் அவர்கள் கோபப்படுவது நியாயம். இரும்பு பீரோ இருந்தால் முதலிலேயே சொல்லுங்கள். என்னைக் கேட்டால் பீரோவைக் கீழேயே விற்றுவிட்டு வருவேன். இலவம்பஞ்சு மெத்தையும் வேண்டாம், ஈரத்தை உறிஞ்சிக் கல்லாகிவிடும். எந்த மெத்தையாக இருந்தாலும் தரையில் போட்டுப் படுக்காதீர்கள், ஒரே மாதத்தில் அடிப்பக்கம் கறுப்புப் புள்ளியாகப் பூஞ்சணம் வரும். மட்டமானதாக இருந்தாலும் ஒரு கட்டில் வேண்டும். கட்டிலையும் பீரோவையும் சுவரை ஒட்டாமல் நாலு விரல் இடம் விட்டுப் போடுங்கள்.

வெயிலையும் கயிற்றையும் பங்கு போடுவது

எங்கள் வீட்டில் கிழக்கு அறை ஒன்றுதான். ஆரம்பத்தில் சீட்டுக் குலுக்கிப் போட்டோம், கிடைத்தவளுக்குச் சந்தோஷம், மற்ற மூன்று பேருக்கும் உள்ளுக்குள் புகைச்சல். பிறகு ஒன்று செய்தோம். கிழக்கு அறைக்கு வாடகைப் பங்கு கூடுதல், மண்மேட்டுப் பக்கத்து அறைக்குக் குறைவு, அதோடு பகலில் கிழக்கு அறைக் கதவு எல்லோருக்கும் திறந்திருக்கும், தலையணையோ கம்பளியோ அங்கே கொண்டுவந்து காயப்போடலாம். இந்த ஏற்பாடு மூன்று வருஷமாக ஓடுகிறது. வேறு வீடுகளில் ஆறு மாதத்துக்கு ஒரு முறை அறையை மாற்றிக்கொள்கிறார்கள், சாமான் குறைவாக இருந்தால் அதுவும் சரி.

துணிக்கயிறு இதைவிடப் பெரிய விஷயம். மழை வாரத்தில் ஒரு ஜீன்ஸ் காய நாலைந்து நாள் ஆகும். ஒரே ஆள் ஞாயிற்றுக்கிழமை மொத்தத்தையும் துவைத்துக் கயிறு முழுக்கப் போட்டுவிட்டால் மற்றவர்கள் வியாழக்கிழமை வரை காத்திருக்க வேண்டும். ஆளுக்கு ஒரு கயிறு, தகரக் கூரை போட்ட தாழ்வாரத்தில். யார் வீட்டில் இருக்கிறாரோ அவர் மழை வந்தால் எல்லோர் துணியையும் எடுத்து உள்ளே போட வேண்டும், அது உள்ளாடையாக இருந்தாலும். கூச்சப்பட்டால் நனைந்துவிடும். முழுக்கக் காயாத துணியை மடித்து அலமாரியில் வைக்காதீர்கள், பக்கத்துத் துணிக்கும் நாற்றம் ஏறும்.

சுடுதண்ணீர்க் கணக்கு இது. ஊட்டியில் டிசம்பர் காலையில் குழாய்த் தண்ணீர் 12 டிகிரி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 15 லிட்டர் கெய்சர், 2 கிலோவாட், தண்ணீரை 55 டிகிரிக்குக் கொண்டுவர 20 நிமிடத்துக்கு மேல் பிடிக்கும், முக்கால் யூனிட் ஆகும். நான்கு பேர் ஆளுக்கு ஒரு முறை போட்டால் ஒன்றரை மணி நேரம், 3 யூனிட். அதனால் யார் முதலில் குளிப்பது என்பதைப் பஸ் நேரத்தை வைத்து முடிவு செய்யுங்கள், எட்டு மணி பஸ்காரருக்கு முன்னால் பத்து மணி ஆபீஸ்காரர் குளிக்கக் கூடாது. பழைய வீடுகளில் விறகு பாய்லர் இருக்கும், இருந்தால் விடாதீர்கள். சீகை விறகோ கவாத்து செய்த தேயிலைக் குச்சியோ விலைக்குக் கிடைக்கும், சாயங்காலம் ஒருவர் பற்றவைத்தால் நான்கு பேரும் குளித்துவிடலாம்.

ஹீட்டர் விஷயத்தில் நாங்கள் பட்டது போதும், நீங்களும் பட வேண்டாம். 2000 வாட் ரூம் ஹீட்டர் முழு வேகத்தில் ஒரு மணி நேரம் ஓடினால் 2 யூனிட். ராத்திரி நான்கு மணி நேரம் என்றால் இரண்டு மாதத்துக்கு 480 யூனிட், ஓர் அறைக்கு மட்டும். மேலே சொன்ன கெய்சர் 180. லைட், ஃப்ரிட்ஜ் எல்லாம் போடுவதற்கு முன்பே 660. இரண்டு மாதக் கணக்கில் முதல் 100 யூனிட் இலவசம் என்று கேட்டுச் சந்தோஷப்படுகிறோம், ஆனால் மொத்தம் 500-ஐத் தாண்டினால் தாண்டிய யூனிட்டுக்கு மட்டுமல்ல, அதற்குக் கீழே உள்ளதற்கும் விலைப்பட்டியல் மாறிவிடும். முதல் குளிர்காலத்து பில்லை நான்காகப் பிரித்தபோது, ஹீட்டரே இல்லாத எங்கள் நர்ஸ் அக்கா ஒன்றும் சொல்லாமல் பணத்தை வைத்துவிட்டு இரண்டு நாள் யாரிடமும் பேசவில்லை. இப்போது ஒரே ஒரு ஹீட்டர், ஹாலில், ஏழிலிருந்து ஒன்பது வரை, எல்லோரும் அங்கேதான் சாப்பிடுவது, போன் பார்ப்பது, விடைத்தாள் திருத்துவது. அறைக்குள் தனியாக வைத்துக்கொள்ள வேண்டும் என்றால், பிளக்கில் மாட்டுகிற யூனிட் காட்டும் சின்ன மீட்டர் ஒன்று கிடைக்கிறது, அதை மாட்டி அவரவர் யூனிட்டை அவரவர் கட்ட வேண்டும். படுக்கைக்குச் சுடுதண்ணீர்ப் பை, இரண்டு கம்பளி, காலுக்கு உறை, இதற்கு எந்த பில்லும் வராது.

ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். கரி அடுப்பையோ பார்பிக்யூ அடுப்பையோ குளிருக்காக அறைக்குள் கொண்டுவந்து கதவைச் சாத்திக்கொண்டு படுக்காதீர்கள். கனல் அணைந்த மாதிரி தெரிந்தாலும் அதிலிருந்து கார்பன் மோனாக்சைடு வரும். அதற்கு வாசனையும் கிடையாது, இருமலும் வராது, தூக்கத்திலேயே முடிந்துவிடும். மலைக்கு வருகிறவர்கள் இப்படிச் செத்துப்போகிற செய்தி குளிர்காலத்தில் வந்துகொண்டுதான் இருக்கிறது. காற்றுப் போக வழியில்லாத பாத்ரூமுக்குள் மாட்டிய கேஸ் கெய்சரும் அதே வகைதான். அப்படி மாட்டியிருந்தால் வெளியே மாற்றித் தந்தால்தான் குடி வருவோம் என்று சொல்லுங்கள்.

சமையலறை

முதல் வாரம் பருப்பு வேகவில்லை என்று பருப்பைக் குறை சொல்வீர்கள். தவறு பருப்பில் இல்லை. உயரம் ஏறுகிற ஒவ்வொரு 300 மீட்டருக்கும் தண்ணீர் கொதிக்கிற வெப்பம் ஏறக்குறைய ஒரு டிகிரி குறையும். 2240 மீட்டரில் இருக்கிற ஊட்டியில் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும், அதற்கு மேல் எவ்வளவு தீ வைத்தாலும் ஏறாது. சோறு வடிக்கிற பழக்கம் இருந்தாலும் ஒரு நல்ல குக்கர் பொதுவில் வாங்குங்கள், கீழே வைப்பதைவிட ஒன்றிரண்டு விசில் கூட வையுங்கள். தேங்காயெண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும், அதாவது இங்கே அநேகமாக வருஷம் முழுக்க. குறுகிய வாய் பாட்டிலில் வாங்கிவிட்டு வெந்நீரில் ஆட்டிக்கொண்டிருக்காமல் அகல வாய் டப்பாவில் வாங்கி ஸ்பூனால் எடுங்கள். கேஸ் சிலிண்டரை உறைபனியில் வெளியே வைத்தால் காலையில் அடுப்பு சோம்பலாக எரியும். உப்பு, சர்க்கரை, அப்பளம் எல்லாம் இறுக்கமான டப்பாவில்.

இட்லி மாவு பற்றி எங்கள் வீட்டில் நான்கு கட்சி. கீழே எட்டு மணி நேரத்தில் பொங்குகிற மாவு இங்கே ஜனவரியில் ஒரு நாள் முழுக்க எடுத்துக்கொள்ளும். நான் செய்வது, உப்புப் போட்டுக் கையால் நன்றாகக் கரைத்து, வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றிய பெரிய அண்டாவுக்குள் மாவுப் பாத்திரத்தை இறக்கி, மேலே கம்பளியால் போர்த்திவிடுவது. பாய்லர் பக்கத்தில் வைத்தாலே போதும் என்பவரும் உண்டு. எதுவும் நடக்கவில்லை என்றால் தோசை.

வாசலுக்கு வெளியே

மிச்சச் சோற்றையும் மீன் முள்ளையும் பையில் கட்டி வாசலில் வைத்தால் ராத்திரி கரடி வரும். குன்னூர், கோத்தகிரிப் பக்கம் இது கதையில்லை. எண்ணெய் என்றால் அதற்கு உயிர், கதவை உடைத்து எண்ணெய் டின்னைத் தூக்கும். எங்கள் வீட்டில் வாசல் மாடத்தில் விளக்கேற்றிவிட்டு எண்ணெய்க் கிண்ணத்தை அங்கேயே வைத்துவிட்டோம், காலையில் கிண்ணம் படிக்கட்டில் கிடந்தது, மாடத்தின் சிமெண்டில் நகம் கீறிய கோடு. அன்றிலிருந்து விளக்கு உள்ளேதான். குப்பையை மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று பிரித்து, வண்டி வருகிற காலையில் மட்டும் வெளியே எடுத்துப் போங்கள். யார் முறை என்பதை ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிவிடுங்கள்.

சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் வருகிறவர் கையில் டார்ச் இருக்க வேண்டும், போன் வெளிச்சம் பத்தடிக்கு மேல் போகாது. படியில் காட்டுமாடு நின்றால் கத்தாதீர்கள், கல் எறியாதீர்கள், வந்த வழியே பின்வாங்கிப் போய் வீட்டுக்குப் போன் செய்து காத்திருங்கள், அது மேய்ந்துவிட்டுத் தானாக நகரும். நாய் வளர்த்தால் ராத்திரி உள்ளே படுக்கட்டும், சிறுத்தைக்கு வெளியே கட்டிய நாய் சுலபமான இரை. குரங்குக்கு ஜன்னலில் கம்பி வலை. பகலில் கடைசியாகக் கிளம்புகிறவர் எல்லா ஜன்னலையும் பார்த்துவிட்டுத்தான் பூட்ட வேண்டும், இல்லாவிட்டால் ரொட்டி பாக்கெட்டோடு சீப்பும் சோப்பும் மரத்தில் இருக்கும்.

குடிவந்த முதல் வாரத்தில் கொஞ்சம் இனிப்போ பழமோ எடுத்துக்கொண்டு நாலு பேருமாகப் பக்கத்து வீடுகளுக்குப் போய்வாருங்கள். தண்ணீர் திறந்துவிடுகிற அண்ணன் யார், மரம் விழுந்தால் யாரைக் கூப்பிட வேண்டும், கரடி எந்தப் பக்கமாக இறங்கும், எல்லாம் ஒரு டீக்குள் தெரிந்துவிடும். படுகர் ஹட்டிக்குள் வீடு என்றால், டிசம்பர் கடைசியிலிருந்து ஜனவரிக்குள் வருகிற ஹெத்தையம்மன் பண்டிகை எந்த நாள் என்று முன்னாலேயே கேட்டுக்கொள்ளுங்கள். அந்த நாளில் சாமான் இறக்கலாம் என்று ஆள் தேடினால் கிடைக்க மாட்டார்கள், அதற்குப் பதில் உங்களையும் சாப்பிடக் கூப்பிடுவார்கள்.